விலையில்லாதது ஏன் விலைபோகவில்லை?

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திட்டக்குடி போன்ற தாலுகா ஊர்களில் தை மாதம் வந்துவிட்டால் டிடிபி கடைக்காரர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கும்பாபிஷேக நோட்டீஸ், இடையில் திடீரென்று வரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வேலை குவியும். இதில் ஒரு பெரும் பங்கு இன்றும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் நடக்கிறது. அடோபி நிறுவனம் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0-ஐ வெளியிட்டது 2001-இல். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. இருந்தும், தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் 2019-இல் புதிதாக வந்தபோது அதில் பேஜ்மேக்கருக்குப் பாடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கடைசிப் பெரிய பதிப்பு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன, செய்தவர்களே கைவிட்ட ஒரு மென்பொருள் பள்ளிப் பாடமாகிறது. ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், கணினி உலகின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை கிடைக்கிறது. ஓர் இயங்குதளம் மற்றொன்றைவிடப் பல மடங்கு விற்பது எதனால்? தரமா, விலையா, விளம்பரமா? பேஜ்மேக்கரும் அதற்கான தமிழ் எழுத்துருக்களும் விண்டோஸில் ஓடுகின்றன. அதனால் கடையில் இருப்பது விண்டோஸ். அந்தக் கடைக்காரர் எந்த நாளிலும் பல இயங்குதளங்களை எடைபோட்டுப் பார்த்து விண்டோஸைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது பத்திரிகை அடிக்க ஒரு வழி. விண்டோஸ் அதோடு சேர்ந்து வந்தது.

ஒரு மென்பொருள் ஓர் இயங்குதளத்தோடு ஏன் இப்படிப் பிணைந்துகிடக்கிறது என்பதே வியப்பான விஷயம். ஒரே மடிக்கணினியில் விண்டோஸும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் இன்டெல் சில்லு ஒன்றுதான். கூட்டு, கழி, இந்த எண்ணை அங்கே வை என்று அதற்குப் புரியும் கட்டளைகளும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனாலும் விண்டோஸுக்கு எழுதிய மென்பொருளை லினக்ஸ் திறக்காது. விண்டோஸ் மென்பொருள் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் மைக்ரோசாப்டில் இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பொறியாளரின் பெயர் முதலெழுத்துகள் அவை. நாற்பது ஆண்டுகளாக உலகின் ஒவ்வொரு விண்டோஸ் மென்பொருளின் தலையிலும் இருக்கின்றன. லினக்ஸ் தேடுவது எல்ஃப் என்ற வேறு அடையாளத்தை.

அந்த அடையாளத்தை மாற்றிவிட்டாலும் வேலை நடக்காது. எந்த மென்பொருளும் தனியாக எதையும் செய்வதில்லை. திரையில் ஒரு ஜன்னல் வரை, இந்தக் கோப்பைத் திற, அச்சுப்பொறிக்கு இதை அனுப்பு என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இயங்குதளத்தைக் கேட்டபடியே இருக்கிறது. கேட்கும் முறை ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் வேறு. விண்டோஸிடம் கேட்கக் கூடியவை பல ஆயிரம் வகை. அவற்றில் பலவற்றின் நடத்தை எங்கும் முழுமையாக எழுதிவைக்கப்படவும் இல்லை. லினக்ஸுக்குள் உட்கார்ந்து அந்தக் கேள்விகளுக்கு விண்டோஸைப் போலவே பதில் சொல்லும் 'வைன்' என்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் 1993-இல் எழுதத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வேலை முடிந்தபாடில்லை.

ஆக, இயங்குதளம் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அதன்மேல் ஓடும் மென்பொருள்களை. மென்பொருள் எழுதுகிறவரோ எங்கே ஆள் அதிகமோ அங்கே எழுதுகிறார். ஆள் இருப்பதால் மென்பொருள், மென்பொருள் இருப்பதால் ஆள். இந்தச் சுழல் எந்த இடத்தில் முதலில் சுழலத் தொடங்குகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

விண்டோஸின் முன்னோடியான டாஸுக்கு அது 1981-இல் நடந்தது. ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு அவசரமாக ஓர் இயங்குதளத்தைத் தேடியது. அன்றைக்குச் சிறு கணினிகளில் கொடிகட்டிப் பறந்தது கேரி கில்டால் எழுதிய சிபிஎம். அவரோடு பேச்சு படியவில்லை. வேலை மைக்ரோசாப்டிடம் வந்தது. அதனிடம் சொந்தமாக இயங்குதளம் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய ஒன்றை, 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையோடு வாங்கியது. அதுவே டாஸ். ஆகஸ்ட் 12-இல் ஐபிஎம் கணினி வெளிவந்தது. அதற்கான டாஸின் விலை 40 டாலர். சில மாதம் கழித்து வந்த சிபிஎம்-86-இன் விலை 240 டாலர். சிபிஎம்மை மெச்சியவர்கள் பலர் இருந்தும், ஆறு மடங்கு விலையும் சில மாதத் தாமதமும் போதுமானதாக இருந்தன.

விலையைவிட முக்கியமான ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தது. டாஸை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே காம்பாக் நிறுவனம் ஐபிஎம் கணினியின் நகலை அறிவித்தது. பின்னாலேயே நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். கணினி செய்கிறவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு விலையைக் குறைக்க, எல்லாப் பெட்டிக்குள்ளும் போனது ஒரே இயங்குதளம். பிறகு இன்னொரு ஏற்பாடும் வந்தது. டாஸ் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாப்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். வேறு இயங்குதளம் போட்டால் இரண்டு முறை செலவு. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு 1994-இல்தான் அதை நிறுத்தியது. அதற்குள் சுழல் வேகமெடுத்துவிட்டது.

அந்த வேகத்துக்கு எதிரே ஐபிஎம்மாலேயே நிற்க முடியவில்லை. அதன் ஓஎஸ்/2 இயங்குதளம் தொழில்நுட்பத்தில் சோடை போனது அல்ல. மைக்ரோசாப்ட் மீது பின்னர் நடந்த வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் வெளியிட்ட உண்மைக் கண்டறிதல்களில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஓஎஸ்/2 தன் உச்சத்தில் இருந்தபோது அதில் ஓடிய மென்பொருள்கள் சுமார் 2,500. விண்டோஸில் ஓடியவை 70,000-க்கு மேல். மென்பொருள் எழுதுகிறவர்களைத் தன் பக்கம் இழுக்க ஐபிஎம் கோடி கோடியாகச் செலவழித்தும் அந்த இடைவெளி நிரம்பவில்லை.

பொருளியலாளர் பிரையன் ஆர்தர் இந்தச் சுழலை ஒரு குடுவை விளையாட்டால் விளக்கினார். நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சொம்பில் ஒரு சோழியும் ஒரு புளியங்கொட்டையும் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள். எடுத்தது எதுவோ அதைத் திரும்பப் போட்டு, அதே வகையில் இன்னொன்றையும் சேருங்கள். இப்படியே ஆயிரம் முறை செய்தால் சொம்பில் சோழியின் பங்கு ஏதோ ஓர் அளவில் நிலைத்துவிடும். எந்த அளவில் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. முதல் பத்து இருபது முறையில் எது கையில் சிக்கியது என்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். ஒருமுறை நிலைத்தபின் அதை அசைப்பது மிகக் கடினம். கணினிச் சந்தையில் இழுப்பு இதைவிட வலுவானது. முந்தியிருப்பது தன் பங்குக்கும் மேலாகவே அடுத்தவரை இழுக்கிறது; கடைசியில் சொம்பு முழுக்க ஏறக்குறைய ஒரே வகையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்குமேல் நாமே ஒரு பூட்டு போட்டுக்கொண்டோம். தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் காட்டுவதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துவிடுவது. கணினிக்கு அது ஆங்கிலம். திரையிலும் தாளிலும் மட்டும் தமிழ். பாமினி, ஸ்ரீலிபி என்று ஒவ்வோர் எழுத்துருத் தொகுப்பும் தனக்கென ஒரு வரிசையை வைத்துக்கொண்டது. எழுத்துருவை மாற்றினால் அம்மா என்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியலாகிவிடும். யுனிகோடு தமிழை விண்டோஸ் 2000 ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யுனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. கடைக்காரரின் வன்தட்டில் இருபது ஆண்டுப் பத்திரிகைகள் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரியில் தம்பிக்கும் வேண்டும் என்று ஆள் வந்து நிற்கும்போது, அந்தப் பழைய கோப்பைத் திறக்க முடிந்தால்தான் அவருக்குப் பிழைப்பு.

விசைப்பலகைக்கும் இதே கதி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். அந்த மரபில் வந்த தட்டச்சு முறையைத்தான் நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் லோயர், ஹையர் தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு, கணினிக்கென்றே யோசித்து வகுத்த தமிழ்99 அரசின் தரமானது. கற்பதும் எளிது, அடிப்பதும் வேகம். ஆனால் டைப்பிஸ்ட் வேலைக்குக் கேட்கும் சான்றிதழ் தட்டச்சுச் சான்றிதழ். அதைப் படித்த பெண்களும் ஆண்களும்தான் டிடிபி கடைகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் விரல் எதைக் கற்றதோ அதைக் கொடுக்கும் மென்பொருள் கடையில் இருக்கிறது. அது ஓடும் இயங்குதளம் கணினியில் இருக்கிறது. ஒன்றை உருவ வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சேர்த்து உருவ வேண்டும்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டில் ஒரு மாபெரும் சோதனை நடந்தது. அரசு அதைச் சோதனையாக நினைக்கவில்லை. 2006-08 காலத்தில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீவிரமாக முயன்றார். 2007-இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழ் உட்பட நம் மொழிகளில் பயன்படுத்தலாம், காசு வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு இலக்கு மட்டும் 9.12 லட்சம் மாணவர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும்; அம்பு விசையை ஒருமுறை தட்டினால் லினக்ஸ்.

விலை வேறுபாடு இல்லை, வாங்கும் சிரமம் இல்லை, பெட்டியும் ஒன்றே. போட்டி என்றால் இதைவிடச் சமமான போட்டி உலகில் எங்கும் நடந்திருக்காது. மாணவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்குப் போனார்கள். வட்டில் இடம் வேண்டும் என்று பாஸை அழித்துவிடச் சொன்னவர்களும் உண்டு. இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் தங்களுக்கு எதிரே இருந்த உலகத்தைச் சரியாகவே படித்திருந்தார்கள்.

ஒரு கல்லூரி மாணவியின் சி++ ரெக்கார்ட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் ஆய்வகப் பயிற்சி நெடுங்காலம் டர்போ சி++ என்ற கருவியில் நடந்தது. போர்லாண்ட் நிறுவனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாஸுக்காக வெளியிட்ட கருவி அது. நிரலின் முதல் வரிகளில் கோனியோ என்ற தலைப்புக் கோப்பை அழைப்பார்கள். முதல் வேலையாகத் திரையைத் துடைக்கும் ஓர் ஆணை கொடுப்பார்கள். இவை டாஸ், விண்டோஸ் உலகத்துக்கு உரியவை. லினக்ஸில் ஜிசிசி என்ற மிகச் சிறந்த, தரத்துக்குக் கட்டுப்பட்ட கருவி இலவசமாகவே இருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட நிரலை அதில் அடித்தால் முதல் வரியிலேயே பிழை என்று நிற்கும். தேர்வு டர்போவில். கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ, பக்கத்து வீட்டு அக்காவோ லினக்ஸ் அறியார். அவள் விண்டோஸுக்குத் திரும்புவதைத் தவிர வேறென்ன செய்வாள்?

மைக்ரோசாப்டுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 2003-இல் தாய்லாந்து அரசு ஏழைகளுக்கான மலிவுக் கணினியை லினக்ஸோடு விற்கத் தொடங்கியபோது, அங்கே விண்டோஸையும் ஆபீஸையும் சேர்த்து 40 டாலருக்கும் குறைவாகக் கொடுக்க முன்வந்தது. அடுத்த ஆண்டு ஸ்டார்ட்டர் என்ற சிக்கனப் பதிப்பு பிறந்தது. விலையைக் குறைத்தாவது உள்ளே இருக்க வேண்டும், ஏனென்றால் பழக்கம்தான் உண்மையான சொத்து. திருட்டு மென்பொருளைப் பற்றி 1998-இல் பேசிய பில் கேட்ஸ், திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிட்டால் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். நம் ஊர்க் கடைகளில் ஃபார்மேட் அடித்து ஓஎஸ் ஏற்றித்தரச் சொன்ன ஒவ்வொரு முறையும், லினக்ஸின் மிகப் பெரிய பலமான 'காசு வேண்டாம்' என்பது மதிப்பிழந்துகொண்டே வந்தது. திருட்டு விண்டோஸுக்கும் காசு இல்லையே.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிகளை முழுவதுமாக லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அவர்கள் இயங்குதளத்தோடு நிற்கவில்லை. ஆசிரியர்களை ஊர் ஊராக அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பாடநூலை லினக்ஸுக்கு எழுதினார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணினிச் செய்முறையைச் சேர்த்து, அதையும் லினக்ஸில் நடத்தினார்கள். பள்ளிக்குத் தேவையான மென்பொருள்களைத் தாங்களே தொகுத்து ஏற்றினார்கள். கைட் என்று பெயர் மாறி இன்றும் அது நடக்கிறது. சுழலை எதிர்ப்பக்கம் சுற்றவைக்க முடியும் என்பதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் சான்று அது. நாம் கொடுத்தது பெட்டியும் அதற்குள் ஒரு மென்பொருளும். அவர்கள் கொடுத்தது வாத்தியாரையும் தேர்வையும்.

லினக்ஸ் தோற்றுப்போன ஒன்று என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1991 ஆகஸ்ட் 25 அன்று 21 வயது ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்த லினக்ஸின் உட்கரு, இன்று உலகின் மிக வேகமான 500 கணினிகள் பட்டியலில் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. 2017 நவம்பரிலிருந்து அப்படித்தான். ஆண்ட்ராய்டுக்குள்ளும் அதே உட்கருதான். மடிக்கணினியில் பாஸைத் தொடாத மாணவி, நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பது லினக்ஸைத்தான். மேசையில் தோற்றது கைப்பேசியில் ஜெயித்ததற்கும் காரணம் அதே சுழல். கைப்பேசி புதுக் களம். பழைய கோப்பு இல்லை, பழைய விரல்பழக்கம் இல்லை. கூகுள் ஆண்ட்ராய்டை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் காசு வாங்காமல் கொடுத்தது. எண்பதுகளில் டாஸ் எல்லாப் பெட்டிக்குள்ளும் போனது போலவே அது போனது. பிந்தி வந்த விண்டோஸ் போனை நோக்கியா கட்டிக்கொண்டு அழுதும் பயனில்லை.

செயலிகளின் பலம் எவ்வளவு என்று அறிய ஒரு சிறு கதை போதும். 2014-இல் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தோடு இந்தியாவில் 2,000 ரூபாய்க்கும் குறைவான இன்டெக்ஸ் போன் வந்தது. அதிகாரபூர்வ வாட்ஸ்அப் அதில் இல்லை. சீக்கிரமே காணாமல் போனது. அதே ஓஎஸ்ஸின் வாரிசான கை ஓஎஸ் 2017-இல் ஜியோபோனுக்குள் வந்தது. 2018 செப்டம்பரில் அதற்கு வாட்ஸ்அப்பும் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. கைப்பேசியில் ஜெயித்த கூகுள் அந்த ஜெயத்தை எப்படிக் காக்கிறது என்பதும் பழைய கதையேதான். தயாரிப்பாளர்கள் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இப்போது மேசைக் கணினியிலும் பூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இ-சேவை விண்ணப்பம், வங்கி, பத்திரப்பதிவு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் உலாவிக்குள் வந்துவிட்டன. உலாவிக்கு அடியில் எது ஓடுகிறது என்று இணையதளம் கேட்பதில்லை. ஆனால் ஜிஎஸ்டி ஆஃப்லைன் கருவிக்கு விண்டோஸும் எக்செலும் வேண்டும். கைரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான். அரசு தன் கருவி ஒவ்வொன்றையும் எல்லா இயங்குதளத்திலும் ஓடும்படி செய்ய வேண்டும். வேறெந்தச் சலுகையையும்விட அதுவே போட்டியைச் சமமாக்கும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பழைய விலையில்லா மடிக்கணினிகள் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. திட்டக்குடி பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் பரணில் அவை கிடக்கின்றன. 4 ஜிபி நினைவகம் இருந்தால் இலகுவான லினக்ஸ் பதிப்பு ஒன்று அதில் தாராளமாக ஓடும்; பெரிய பிள்ளைக்குக் கிடைத்தது சின்னப் பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தமிழில் படிக்கக் கணியம் இதழ் 2012 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரில் கேட்க விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமப்புற மாணவர்களுக்கென்றே வகுப்புகள் நடத்துகிறார்கள். பழைய இரும்புக்குப் போடுமுன் அந்தப் பெட்டியை ஒருமுறை அவர்களிடம் காட்டுங்கள்.